அல்சூர்த் தண்டும் மான்வேட்டைச் சொற்களும்

முன்னுரை

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள அல்சூரின் பெயர் மூன்று மொழிகளின் வாய்ப்பட்டு இன்றைய வடிவத்தை அடைந்தது. கன்னடத்தில் இவ்வூர் 'ஹலசூரு' எனப்படும். 'ஹலசு' என்பது பலாவைக் குறிக்கும் கன்னடச் சொல். ஏரிக்கரையில் இருந்த பலாத் தோப்பினால் இப்பெயர் வந்தது என்பது வழங்கிவரும் விளக்கம். பழங்கன்னடப் பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது என்பது மொழியியலார் அறிந்ததே. ஆதலின் 'ஹலசு' என்பதன் முந்தைய வடிவம் 'பலசு'. அது தமிழின் 'பலா', 'பலவு' ஆகியவற்றோடு ஒருவேர் உடையது. ஆங்கிலேயர் இவ்வூரை 'அல்சூர்' என்று எழுதினர். அங்குக் குடியேறிய தமிழரும் அவ்வாறே வழங்கினர். 'பலாவூர்' என்று எளிதில் விளங்கியிருக்கக்கூடிய ஒரு பெயர், கன்னடத்தையும் ஆங்கிலத்தையும் கடந்து தமிழுக்குத் திரும்பியபோது பொருள் தெரியாத ஒலிக்கூட்டமாக நின்றுவிட்டது.

ஊர்ப்பெயருக்கு நேர்ந்த இதுவே, அவ்வூரை ஒட்டி அமைந்த படைநகரிலிருந்து காட்டுக்குச் சென்றவர்கள் எழுதிய வேட்டை நூல்களில் விலங்குப் பெயர்களுக்கும் நேர்ந்தது. தமிழரும் கன்னடரும் பழங்குடியினரும் வழங்கிய பெயர்கள் ஆங்கிலத்தில் வேறு உருவம் பெற்றன. அந்நூல்களைத் தமிழில் தருவோர் ஆங்கிலச் சொல்லை மட்டும் நோக்கினால் காட்டில் இல்லாத விலங்குகளைத் தமிழில் உலவவிட நேரும். தென்னிந்தியாவில் ரைஃபிள் கொண்டு நிகழ்த்தப்பட்ட மான்வேட்டையின் வரலாற்றையும், அது விட்டுச்சென்ற சொற்சிக்கலையும், அச்சிக்கலுக்குத் தமிழ் மரபிலேயே உள்ள தீர்வையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்டும் காடும்

அல்சூர்ப் பகுதியில் தமிழ் வழங்கியது ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியதன்று. அடுத்துள்ள தொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. எனினும் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினராக இங்கு வந்து தங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1799ஆம் ஆண்டுப் போருக்குப்பின் சீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படை நோயால் பெரிதும் வருந்தியது. எனவே 1809இல் அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்தில் படைநகர் அமைக்கப்பட்டது. கன்னட மக்கள் அதனைத் 'தண்டு' என்றனர். படையைக் குறிக்கும் இச்சொல் தமிழுக்கும் பொதுவானது. பெங்களூர்த் தண்டு இருப்பூர்தி நிலையத்தின் கன்னடப் பெயரில் அது இன்றும் வாழ்கிறது.

படையினர், சமையலர், குதிரைக்காரர், ஒப்பந்தக்காரர், வணிகர் எனப் பலவகைத் தொழிலினராய்த் தமிழர் சென்னை மாகாணத்திலிருந்து வந்து சேர்ந்தனர். 1780இல் தோற்றுவிக்கப்பட்ட சென்னைப் பொறியாளர் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரியை ஒட்டி அமைந்துள்ளது. அப்படையினர்க்குத் 'தம்பி' என்பது இன்றளவும் வழங்கும் செல்லப்பெயர். தமிழ் உறவுச்சொல் ஒன்று பிறமொழி அதிகாரிகளின் வாயில் படைப்பிரிவின் பெயராகவே நிலைத்தது. 1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் மரபினரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் இத்தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947இல்தான் மைசூருக்குத் திரும்பியது.

தண்டிலிருந்து வேட்டைக்குச் சென்றோர்க்குக் காடு தொலைவில் இல்லை. தெற்கே ஆனேக்கல், தேன்கனிக்கோட்டை வழியாகக் காவிரிக்கரை வரை மலைக்காடுகள் நீண்டு கிடந்தன. தென்மேற்கே பிலிகிரிரங்கன் மலையும் பந்திப்பூரும் அதற்கப்பால் நீலகிரியும் இருந்தன. இவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். தேக்கு, ஈட்டி, வேங்கை, மருது, நமை, சந்தனம் முதலிய வைரம் பாய்ந்த மரங்கள் நிறைந்தவை. கடமான், புள்ளிமான், கேளையாடு, சருகுமான், நாற்கொம்பு மான் ஆகியவை இக்காடுகளில் வாழ்வன. வெளிமான் காட்டில் தங்காது, திறந்த வெளியில் மேய்வது. அதன் பெயரே அதன் வாழிடத்தைக் கூறிவிடுகிறது.

இக்காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியோர் பலர். சென்னைப் படையின் டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமலை, பழனிமலை, நீலகிரி ஆகிய இடங்களில் வேட்டையாடியவர். அவருடைய குறிப்புகள் 1892இல் நூலாயின. மைசூர் அரசில் யானை பிடிக்கும் பணியை மேற்கொண்ட ஜி.பி. சாண்டர்சன் 1878இல் தம் பதின்மூன்று ஆண்டுக் காட்டு வாழ்வை நூலாக வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டில் பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சன் 1954 முதல் பல நூல்களை எழுதினார். அவர் கதைக்களங்களிற் பல இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவை. தமிழ் வழங்கும் ஊர்களில் நடந்தவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர்த் தமிழாக்கத்தை எதிர்நோக்கும் நிலை இங்குக் காணப்படுகிறது. இத்தகைய நூல்களைத் தமிழாக்குவது ஒருவகையில் திருப்பித் தருதலே ஆகும்.

துப்பாக்கியும் தடமும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேட்டையாடியோர் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே கொண்டிருந்தனர். மருந்து, தக்கை, குண்டு என ஒவ்வொன்றாக இட்டுக் கோலால் இடித்து நிரப்பவேண்டும். ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் மான் மறைந்துவிடும். குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பின் குண்டு நெடுந்தொலைவு நேராகச் செல்லாது. உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டிய ரைஃபிளில் குண்டு சுழன்றுகொண்டே வெளிப்படுவதால் அதன் போக்கு நிலைபெறும். 1866இல் ஆங்கிலப் படை பின்புறம் தோட்டா இடும் ஸ்னைடர் ரைஃபிளை ஏற்றது. வேட்டைத் துப்பாக்கிகளும் அதே காலத்தில் அவ்வழியே மாறின. தொலைவும் விரைவும் கூடின.

ஆயினும் இலையுதிர் காட்டில் ரைஃபிளின் தொலைவு முழுமையாகப் பயன்பட்டதில்லை. கோடையில் தேக்கின் அகன்ற சருகுகள் தரையை மூடிக்கிடக்கும்போது ஒவ்வோர் அடியும் ஓசை எழுப்பும். மான் அதனைக் கேட்டு விலகிவிடும். முதல் கோடைமழைக்குப்பின் சருகு நனைந்து மெத்தென்றாகும். எரிந்த நிலத்தில் இளம்புல் தலைகாட்டும். அப்போது புள்ளிமான் கூட்டம் வெளிக்கு வரும். கடமான் பகலில் அடர்ந்த புதரில் படுத்து அந்தியிலும் இரவிலும் மேயும். மரத்தின்மேல் மந்தி குரல் கொடுப்பதும், கீழே புள்ளிமான் கூவுவதும், கேளையாடு நாய்போல் குரைப்பதும் காட்டிற்குள் ஆளோ புலியோ நுழைந்த செய்தியை எங்கும் பரப்பும்.

இவற்றை அறிந்தவர் வேட்டைக்கு வழிகாட்டிய உள்ளூரார். குளம்படியின் ஆழத்தையும் விளிம்பின் ஈரத்தையும் கொண்டு மான் எப்போது சென்றது என்று கூறுவர். புழுக்கையைத் தொட்டுப் பார்ப்பர். கொம்பு உரைந்த மரப்பட்டையைக் காட்டுவர். வேட்டை நூல்களில் சுடுபவரின் பெயர் பெரிதாக நிற்கும். தடம் பார்த்தவர் பெரும்பாலும் 'ஷிகாரி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார். இருளர், சோலகர், குறும்பர் என்னும் இனவேறுபாடுகள் அச்சொல்லில் மறைந்துவிடுகின்றன.

கருவிப் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில வேட்டை நூல்களில் வழவழப்பான குழலுடைய சிதறுரவைத் துப்பாக்கிக்கு ஒரு சொல்லும், திருகுவரிக் குழலுடையதற்கு 'ரைஃபிள்' என்ற சொல்லும் வேறுவேறாக நிற்கும். தமிழில் இரண்டும் 'துப்பாக்கி'. 'துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்' என்று மொழிபெயர்த்தால் படிப்பவர் மயங்குவர். காட்டுக்கோழியை எண்ணிச் சென்றவர் கடமானைக் கண்டு கருவியை மாற்றினார் என்னும் கதைநிகழ்ச்சியே அங்கு அழிந்துவிடும். 'ரவைத் துப்பாக்கி', 'ரைஃபிள்' என்று பிரித்து வழங்குதல் இக்குறையை நீக்கும்.

'துப்பாக்கி' என்ற சொல்லே நெடும்பயணம் செய்து வந்தது. துருக்கியின் 'துஃபெக்' என்பதோடு தொடர்புடைய இச்சொல் தெலுங்கிலும் கன்னடத்திலும் 'துபாகி', 'துபாக்கி' எனவும், தமிழில் 'துப்பாக்கி' எனவும் நின்றது. 'துப்பு', 'ஆக்கி' எனப் பிரித்துப் பொருள் காண்பது பிற்காலக் கற்பனை. ஈழத் தமிழில் இதே கருவி 'துவக்கு' எனப்படும். தமிழகத்து வாசகர்க்குத் 'துவக்கு' என்பது தொடங்கு என்னும் ஏவலாகவே ஒலிக்கும். ஒரே மொழிக்குள்ளும் வட்டார எல்லையைக் கடக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் கவனம் தேவைப்படுவதை இது காட்டும்.

பெயர் மாறிய விலங்குகள்

தென்னிந்திய வேட்டை நூல்களில் மிகுதியாகக் குழப்பம் விளைத்த சொல் 'எல்க்' என்பது. ஐரோப்பாவின் வடபுலத்தில் வாழும் பேருருவ மானுக்குரிய பெயர் அது. நீலகிரியிலும் இலங்கையிலும் வேட்டையாடிய ஆங்கிலேயர் கடமானுக்கு அப்பெயரை இட்டனர். சாமுவேல் பேக்கர் 1854இல் இலங்கை வேட்டை பற்றி வெளியிட்ட நூலில் நுவரெலியா மலைகளில் நாய்களைக் கொண்டு துரத்தப்படும் 'எல்க்' கடமானே. பெரியது என்ற ஒன்றைத் தவிர இரண்டிற்கும் ஒற்றுமை குறைவு. இவ்வழக்கு பொருந்தாதது என்பதை 1886இல் வெளிவந்த யூல், பர்னல் ஆகியோரின் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் சுட்டிக்காட்டியுள்ளது. வட இந்தியாவில் வழங்கிய 'சாம்பர்' என்னும் பெயரே பின்னர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அச்சொல் தமிழ் வாசகர்க்கு வேறோர் உணவை நினைவூட்டுவதால் அதனை அப்படியே எழுதுவதும் உகந்ததன்று.

இவ்விலங்கிற்குத் தமிழில் பெயர்ப்பஞ்சம் இல்லை. தமிழகத்தின் பெரும்பகுதியில் 'கடமான்'. நெல்லை, குமரி மாவட்டங்களில் 'மிளா'. இது மலையாளத்தின் 'மிளாவு' என்பதோடு இணைந்தது. ஈழத்தில் 'மரை'. கன்னடத்தில் 'கடவெ'. 'கடமா', 'கடமான்', 'கடவெ' ஆகியவற்றைப் பரோ, எமனோ ஆகியோர் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் ஒரு தொகுதியாகக் கொண்டுள்ளனர். தமிழ் அகராதிகள் 'கடமா' என்பதற்குக் காட்டுப்பசு என்றும் ஒருவகை மான் என்றும் இரு பொருள் தருகின்றன. உறவுமொழியாகிய கன்னடம் மான் என்ற பொருளைத் தெளிவாகப் பேணியிருப்பது இங்கு நோக்கத்தக்கது.

'மரை' பற்றியும் இவ்வாறு கருதலாம். மரை நெல்லிக்கனியைத் தின்னும் செய்தி குறுந்தொகையிலும் புறநானூற்றிலும் வருகிறது. உதிர்ந்த நெல்லிக்கனியை மானினங்கள் உண்டு, அசைபோடும்போது கொட்டையை உமிழ்ந்து பரப்புகின்றன என்பதை இன்றைய காட்டுயிர் ஆய்வாளர்கள் முதுமலைக் காட்டில் கண்டறிந்துள்ளனர். மரையைக் காட்டுப்பசு என்று கொள்வதைவிடப் பெரிய மான் என்று கொள்வதற்கு இச்செய்தியும் ஈழ வழக்கும் சேர்ந்து வலுவூட்டுகின்றன. புலவர் கண்ட காட்சியும் வன்னிக்காட்டு மக்கள் வழங்கும் பெயரும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

அடுத்தது 'ஜங்கிள் ஷீப்'. சென்னை மாகாணத்து வேட்டைக்காரர் வழங்கிய இத்தொடரைக் 'காட்டுச் செம்மறி' என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் தென்னிந்தியக் காட்டில் காட்டுச் செம்மறி இல்லை. கன்னடத்தில் 'காடுகுரி' என்பது கேளையாட்டின் பெயர். 'குரி' என்பது செம்மறியைக் குறிக்கும் சொல். கன்னடத் தொடரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியதன் விளைவே 'ஜங்கிள் ஷீப்'. தமிழும் அவ்விலங்கைக் கேளை'ஆடு' என்றே வழங்குகிறது. உருவிற் சிறிய மானை ஆட்டோடு சேர்த்தெண்ணும் மரபு இருமொழிக்கும் பொது. நாற்கொம்பு மானுக்கும் கன்னடத்தில் 'கொண்டகுரி' என்று பெயர் இருத்தலால் ஆங்கில நூலின் வருணனையைக் கூர்ந்து நோக்கியே முடிவுசெய்ய வேண்டும். குரைப்பதாகவும், ஆணுக்குக் கோரைப்பல் வெளியே தெரிவதாகவும், கொம்பின் அடித்தண்டு மயிர்மூடி நீண்டிருப்பதாகவும் கூறப்படின் அது கேளையாடு. நான்கு சிறு கொம்புகள் கூறப்படின் அது நாற்கொம்பு மான்.

'நீலகிரி ஐபெக்ஸ்' என்று வேட்டை நூல்கள் கூறுவது வரையாடு. வரை என்பது மலை. இங்கும் தமிழ்ப்பெயர் வாழிடத்தைச் சுட்ட, ஆங்கிலப்பெயர் வேற்றுநாட்டு விலங்கின் சாயலைச் சுட்டிற்று. 'பைசன்' எனப்படுவது அமெரிக்கக் காட்டுமாடன்று. இலக்கியத்தில் ஆமா எனவும் பேச்சில் காட்டெருமை எனவும் வழங்கும் விலங்கு. 'ஆக்சிஸ்' என்ற பெயர் உரோம அறிஞர் பிளினி இந்திய விலங்கொன்றுக்கு வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. அதனை 'அச்சு மான்' என்று பெயர்க்கும் பிழை கணிப்பொறி வழி மொழிபெயர்ப்புக் காலத்தில் எளிதில் நேரக்கூடியது. அது புள்ளிமானேயன்றி வேறன்று.

பெயர்மயக்கம் அயலாரின் குறை மட்டும் அன்று. அல்சூர் ஏரியருகே 1991இல் அமைக்கப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டிருந்து 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைக் காண்போர்க்கு இது நினைவுக்கு வருதல் கூடும். 969ஆம் குறளில் வருவது 'கவரிமா'. 'மா' என்பது விலங்கின் பொதுப்பெயர். அதனைக் 'கவரிமான்' என்று ஓதி, மயிர் இழந்தால் உயிர்விடும் மானொன்று உண்டு என்று மேடைதோறும் கூறிவருகின்றனர். கவரி என்பது இமயத்துச் சடைமாடு. ஒரு னகர ஒற்றுக் கூடியதால் மாடு மானாயிற்று. தம் சொந்த மொழிக்குள்ளேயே இவ்வாறு நேரும்போது, இரண்டு மூன்று மொழிகளைக் கடந்துவந்த பெயர்களில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

மரபியல் தரும் துணை

ஆங்கில வேட்டை வழக்கில் மானின் ஆண், பெண், இளமைப் பெயர்கள் இருவகைப்படும். சிவப்புமான், கடமான் முதலிய பெரியவற்றிற்கு 'ஸ்டேக்', 'ஹைண்ட்', 'காஃப்' என்பன. சிறிய மான்களுக்கு 'பக்', 'டோ', 'ஃபான்' என்பன. இவற்றையெல்லாம் 'ஆண் மான்', 'பெண் மான்', 'மான்குட்டி' என்று எழுதுவது இன்றைய வழக்கம். பிழையில்லை எனினும் மூலத்தின் நுட்பம் அங்கே தேய்ந்துவிடுகிறது.

தொல்காப்பிய மரபியல் இத்தகைய பாகுபாட்டை முன்பே வகுத்திருத்தல் வியப்பிற்குரியது. நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் இளமைப்பெயர் 'மறி' என்கிறது அது. கடமைக்கும் மரைக்கும் 'கன்று' என்னும் பெயரை உரியதாக்குகிறது. கடமையை யானை, குதிரை ஆகியவற்றோடும் மரையை எருமையோடும் வைத்து எண்ணுதலால் இவை உருவிற் பெரியவை என்பது பெறப்படும். சிறியதன் குட்டி மறி, பெரியதன் குட்டி கன்று என்னும் இவ்வேறுபாடு ஆங்கிலத்தின் 'ஃபான்', 'காஃப்' வேறுபாட்டோடு ஏறத்தாழ ஒத்துச் செல்கிறது. புல்வாயின் ஆண் 'இரலை' எனவும் 'கலை' எனவும் படும். கலை என்பது உழைக்கும் உரியது. புல்வாய், நவ்வி, உழை ஆகியவற்றின் பெண் 'பிணை'. 'ஒருத்தல்' என்பது மரைக்கும் சிறுமான்களுக்கும் பொதுவான ஆண்பாற் பெயர்.

இச்சொற்களை எல்லாம் அப்படியே மீட்டு வழங்கவேண்டும் என்பது கருத்தன்று. 'கடமை' என்பது இன்று வேறுபொருளில் வேரூன்றிவிட்டது. அதே மரபியலில் பெண் ஆட்டின் பெயராகவும் அது வருகிறது. ஆனால் 'கலை', 'பிணை', 'மறி', 'கன்று' ஆகியவை இன்றும் விளங்கக்கூடியன. 'கடமான் கன்று', 'புள்ளிமான் மறி', 'பிணைமான்', 'கலைமான்' என எழுதினால் மூலத்தின் நுட்பமும் கெடாது, தமிழ் நடையும் கெடாது. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. 'கலைமான்' என்பது இன்று பனிநாட்டு மானொன்றின் பெயராகவும் வெளிமானின் பெயராகவும் பாடநூல்களில் வழங்குவதால் இடம் நோக்கி ஆளவேண்டும்.

'கொம்பு' என்ற சொல்லும் ஆராயத்தக்கது. மானினத்தின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து உதிர்ந்து மீண்டும் முளைப்பது. வெளிமான், நாற்கொம்பு மான் ஆகியவற்றின் கொம்பு உதிர்வதில்லை. ஆங்கிலம் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் சொல் கொண்டுள்ளது. தமிழில் 'உதிர்கொம்பு', 'நிலைக்கொம்பு' என அடைகொடுத்து வேறுபடுத்தலாம். கடமானை உதிர்கொம்புக் காலத்தில் சுடுவதை வேட்டைக்காரர் தவிர்த்த செய்தி இவ்வேறுபாடின்றி விளங்காது.

மரமும் நீரும் பரணும்

விலங்கைச் சூழ்ந்த காட்டின் சொற்களிலும் இத்தகைய பொறிகள் உள. ஆங்கிலத்தில் அகன்ற இலைமரங்களின் மரத்தைக் கடினமரம் என்றும் ஊசியிலை மரங்களினதை மென்மரம் என்றும் வகுப்பர். இது தாவரவகை நோக்கிய பகுப்பேயன்றி வலிமை நோக்கியதன்று. மெல்லிய இலவமரமும் அப்பகுப்பில் கடினமரமே. ஆகவே மூலத்தின் தொடரைக் 'கடினமரக் காடு' என்பதைவிட இடத்திற்கேற்ப 'அகன்ற இலைமரக் காடு' என்றோ 'இலையுதிர் காடு' என்றோ 'தேக்குக் காடு' என்றோ கூறுதல் பொருந்தும். சென்னை மரவணிகர் 'பிளாக்வுட்' என்றது ஈட்டியை. நேர்பொருள் கொண்டு 'கருமரம்' என்றோ, நிறம் நோக்கிக் 'கருங்காலி' என்றோ எழுதினால் மரமே மாறிவிடும். 'டீக்' என்பதோ தேக்கு என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பா சென்றது. அது தடம் மாறாமல் திரும்பிய அரிய சொற்களில் ஒன்று. நீலகிரி நூல்களின் 'ஷோலா' என்பதும் நம் சோலையே.

'அல்சூர் டேங்க்' என்பதை 'அல்சூர்த் தொட்டி' என்று யாரும் எழுதார். ஊர் அறிந்ததாதலின் ஏரி என்றே எழுதுவர். ஆனால் மான் நீருண்ண வரும் பெயரில்லாக் காட்டு நீர்நிலைக்கு அதே சொல் வரும்போது 'தொட்டி' என்று எழுதும் பிழை நேர்கிறது. அங்கு ஏரி, குளம், குட்டை என்பவற்றுள் ஏற்றதைத் தேரவேண்டும்.

மரக்கிளையில் கட்டப்படும் இருக்கையை வேட்டை நூல்கள் 'மச்சான்' என்னும். இந்தியிலிருந்து வந்த சொல் இது. 'மச்சானின்மேல் இரவு முழுதும் அமர்ந்திருந்தார்' என்று தமிழில் எழுதினால் உறவுமுறை தெரிந்த வாசகர் நகைப்பர். தினைப்புனம் காத்த காலந்தொட்டுத் தமிழில் 'பரண்' என்ற சொல் இருக்கிறது. இரவலாக வந்த சொல்லை மீண்டும் இரவல் வாங்க வேண்டிய தேவை இல்லை.

சட்டமும் சொல்லும்

சொற்றேர்வு வெறும் நடையழகைப் பொறுத்ததன்று. 1878இல் படைக்கலச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்ற நிலையில் ஐரோப்பியர் அதினின்று விலக்குப் பெற்றனர். குடகரும் விலக்குப் பெற்றனர். 1877இல் நீலகிரி வேட்டையாளர் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. விலங்குகள் குறைந்துவருவதைக் கண்டதும் இவற்றிற்குக் காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இச்சட்டங்களுக்குப்பின் ஒரே காட்டில் ஒரே மானைச் சுட்ட இருவர்க்கு இருவேறு பெயர்கள் ஏற்பட்டன. உரிமத்துடன் ரைஃபிள் ஏந்தியவர் செய்தது பொழுதுபோக்கு வேட்டை. தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்து நாட்டுத் துப்பாக்கியால் இறைச்சி தேடியவர் செய்தது திருட்டு.

ஆண்டர்சனின் நூல்களில் வரும் பைரா என்னும் பூசாரி இனத்தவர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் சட்டத்திற்குப் புறம்பாக வேட்டையாடுபவராக அறிமுகமாகும் அவரே பின்னர் ஆண்டர்சனின் வழிகாட்டியும் நண்பரும் ஆகிறார். ஆங்கிலச் சொல்லைத் 'திருடன்' என்று தமிழாக்கினால் அம்மனிதரைப் பற்றிய தீர்ப்பு முதல் வரியிலேயே எழுதப்பட்டுவிடும். 'கள்ள வேட்டைக்காரர்' என்பது சட்டத்தின் பார்வையைக் காட்டும். 'உரிமமில்லாத வேட்டைக்காரர்' என்பது செய்தியை மட்டும் கூறும். எது வேண்டும் என்பதை மூலத்தில் பேசுவோர் யார் என்பது கொண்டே துணியவேண்டும். காட்டு அதிகாரி பேசுமிடத்தில் முன்னதும், ஆசிரியர் தம் நண்பரை நினைக்குமிடத்தில் பின்னதும் பொருந்தலாம்.

விடுதலைக்குப்பின் 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் எஞ்சியிருந்த வேட்டை வாய்ப்புகளையும் பெரும்பாலும் அடைத்தது. இன்று கடமானையோ புள்ளிமானையோ பொழுதுபோக்கிற்காகச் சுடுவது இந்தியாவில் குற்றம். ஒருகாலத்தில் வேட்டைக்களமாக விளங்கிய பந்திப்பூர் 1973 முதல் புலிகள் காப்பகம். மேலகிரிக் காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்குக் காட்டுயிர்க் காப்பகமாக 2014இல் அறிவிக்கப்பட்டது. ரைஃபிள் ஓய்ந்தபின் பெயரின் பொறுப்பு மிகுந்துள்ளது. சட்டத்தின் அட்டவணையிலும் கணக்கெடுப்பிலும் வழக்குமன்றத் தீர்ப்பிலும் விலங்கின் பெயரே அதற்குக் காப்பு. தேன்கனிக்கோட்டையில் கடமான் எனவும் களக்காட்டில் மிளா எனவும் வழங்குவது ஒரே விலங்குதான் என்பதைச் சட்டத்தின் தமிழாக்கம் தெளிவுறுத்தவில்லையாயின் அக்காப்பு எட்டவேண்டிய இடத்தை எட்டாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. தென்னிந்திய மான்வேட்டை நூல்களின் ஆங்கிலப் பெயர்களிற் பல மூலப்பெயர்கள் அல்ல, தாமே மொழிபெயர்ப்புகள். 'ஜங்கிள் ஷீப்' கன்னடத்தின் பெயர்ப்பு. 'எல்க்', 'ஐபெக்ஸ்' என்பன ஐரோப்பிய நினைவின் ஏற்றம். எனவே மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லிலிருந்து தமிழ்ச் சொல்லுக்கு நேரே தாவாமல், அச்சொல் சுட்டும் விலங்கையும் அது வாழும் காட்டையும் முதலில் அறிந்து, அக்காட்டு மக்கள் அதற்கு வழங்கும் பெயரை அடைதல் வேண்டும். வட்டாரவழக்கு, உறவுமொழிச் சான்று, இலக்கண மரபு ஆகிய மூன்றும் அதற்குத் துணைநிற்கும்.

தடம் பார்ப்பவர் காட்டிய வழியில் சென்றவரே மானைக் கண்டனர். தமக்குத் தோன்றிய திசையில் விரைந்தவர் சருகோசை எழுப்பி மானை ஓட்டிவிட்டனர். சொல்லைத் தேடிச் செல்வோர்க்கும் இதுவே வழி. பலாவூர் அல்சூராகியதை இனி மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டுவதில்லை. ஆனால் அங்கிருந்து புறப்பட்ட துப்பாக்கிகளால் வீழ்ந்த கடமானையும் கேளையாட்டையும் அவற்றின் பெயராலேயே தமிழில் அழைப்பது இன்றும் இயலும் செயலாகும்.